நிற்க அறிந்த பொறியே நற்பொறி

மக்கள் அச்சத்தை வெறுப்பர். ஆயினும் அவ்வச்சத்தையே விலைகொடுத்து வாங்குதலும் செய்வர். குழந்தையை மேலே எறிந்து ஏந்தும் தந்தையின் கையில் தொடங்கும் இவ்விளையாட்டு, ஊஞ்சலில் வளர்ந்து, திருவிழா இராட்டினத்தில் முதிர்ந்து, இக்காலத்தில் ரோலர் கோஸ்டர் என்னும் பெரும்பொறியாய் உருக்கொண்டு நிற்கின்றது. மேலே எறியப்பட்ட குழந்தை அழாது நகைப்பது எதனால்? ஏந்தும் கை தவறாது என்னும் நம்பிக்கையால் அன்றோ? அந்நம்பிக்கை ஒன்றே இவ்வகைக் கேளிக்கை அனைத்திற்கும் அடிப்படை. அஃது உளதாயின் அச்சமும் இன்பமாம். அஃது இலதாயின் இன்பமும் அச்சமாம்.

இந்நம்பிக்கையைப் பெறுவோர் அதனை எங்ஙனம் காத்தல் வேண்டும் என்பதனை, ஆஸ்திரேலிய நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். உலகில் இதனினும் பெரிய பூங்காக்களையுடைய நாடுகள் பல இருக்க, ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தது ஏன் என வினவுவார் உளராயின், விடை இது: கடந்த சில ஆண்டுகளில் அந்நாட்டிற் புதுப்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன, அவை எழுந்த கடற்கரையிலேயே, உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றும் உளது. புதுமையும் படிப்பினையும் ஓரிடத்தே அருகருகாய் நிற்றலை வேறெங்கும் இத்துணைத் தெளிவாகக் காண்டல் அரிது.

முதற்கண் புதுமையைக் காண்போம். குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கோல்ட் கோஸ்ட் நகரம் அந்நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களின் தலைநகர் எனத்தகும். டிரீம்வேர்ல்ட், மூவி வேர்ல்ட், சீ வேர்ல்ட் என்னும் மூன்றும் ஆங்கே உள்ளன. மூவி வேர்ல்டில் 2005 டிசம்பரில் திறக்கப்பட்ட சூப்பர்மேன் எஸ்கேப் என்னும் பொறி, நின்ற நிலையினின்று 2 நொடியளவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எய்துவது. அங்கேயே 2017 செப்டம்பரில் டி.சி. ரைவல்ஸ் ஹைப்பர் கோஸ்டர் எழுந்தது. அதன் உயரம் 60 மீட்டருக்கு மேற்பட்டது. வேகம் மணிக்கு 115 கிலோமீட்டர். பாதையின் நீளம் 1.4 கிலோமீட்டர். டிரீம்வேர்ல்ட் தன் நாற்பதாம் ஆண்டு நிறைவு நாளாகிய 2021 டிசம்பர் 15 அன்று ஸ்டீல் டைப்பான் என்பதனைத் திறந்தது. இவ்விரண்டும் ஜெர்மனி நாட்டு மாக் நிறுவனத்தார் செய்தவை. சீ வேர்ல்டில் லெவயதன் என்னும் மரக் கோஸ்டர் 2022 டிசம்பரில் ஓடத்தொடங்கியது. பல்லாண்டுகளாக மரக் கோஸ்டர் ஒன்றும் புதிதாய் எழாதிருந்த அந்நாட்டில் இஃது ஒரு பெருநிகழ்ச்சியாயிற்று. இனி, 2024 டிசம்பரில் டிரீம்வேர்ல்ட் ஜங்கிள் ரஷ் என்பதனையும், மூவி வேர்ல்ட் 'விசர்ட் ஆஃப் ஓஸ்' கதையைத் தழுவிய இரு குடும்பக் கோஸ்டர்களையும் திறந்தன. சிட்னி நகரத்து லூனா பார்க்கும் 2021-இல் தன் புதுப்பொறிகளுள் ஒன்றற்குப் பிக் டிப்பர் என்னும் பழம்பெயரைச் சூட்டி மகிழ்ந்தது.

இவ்வரிசையை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். பொறிகளுட் பெரும்பாலன டிசம்பரில் திறக்கப்பட்டுள்ளன. தென்பாதி உலகில் டிசம்பர் வேனிற்காலம்; கிறிஸ்து பிறப்பு விடுமுறைக் காலம்; பள்ளிச் சிறுவரும் பெற்றோரும் கூட்டங்கூட்டமாய் வருங்காலம். வணிகர் அறுவடை நாளுக்கு அரிவாளை ஆயத்தமாக்குவது இயல்பே, அது குற்றமன்று. ஆயினும், திறப்பு நாளை முன்னரே முரசறைந்து விட்டுப் பொறியைப் பின்னர் அந்நாளுக்குள் முடிக்க முயலுங்கால், பொறியியலார் நாட்காட்டிக்கு அடிமையாகும் இடர் உண்டு. புதுப்பொறி பல வாரங்கள் மணல்மூட்டையையோ நீர்நிரப்பிய பாவைகளையோ ஏற்றிக்கொண்டு வெறிதே ஓடிப் பழகவேண்டுவது. அப்பழக்கத்திலேதான் எங்கே தளர்வு, எங்கே உராய்வு, எந்த உணர்பொறி பொய்யுரைக்கும் என்பன வெளிப்படும். நாள் குறுகினால் இப்பழக்கமும் குறுகும். அதன் குறை திறப்பின் பின்னர், மக்கள் வரிசையில் நிற்கையில், 'இன்று இயங்காது' என்னும் பலகையாய் வெளிப்படும்.

அப்பலகையைப் பற்றியதே மக்களின் பெருங்குறை. நெடுந்தொலைவினின்று குடும்பத்தோடு வந்து, பணஞ்செலுத்தி உட்புகுந்து, தாம் விரும்பிய பொறி அடைபட்டிருக்கக் கண்டு மனம் வருந்துவார் பலர். அவர் வருத்தம் புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்க நாட்டில் ஒரு பூங்காவிலேயே பத்துக்கு மேற்பட்ட ரோலர் கோஸ்டர்கள் இருத்தலுண்டு; ஒன்று நின்றால் மற்றொன்றில் ஏறலாம். ஆஸ்திரேலியப் பூங்காக்களில் பெரும்பொறிகள் சிலவே. அவற்றுள் ஒன்று நின்றாலும் அந்நாளின் இன்பத்திற் பெரும்பகுதி போய்விடும். பொறிகளைச் செய்தோர் ஜெர்மனி, ஹாலந்து, சுவிட்சர்லாந்து முதலிய தொலைநாடுகளில் உள்ளார். தனிவகைச் சக்கரமோ மின்கருவியோ பழுதுபட்டால், மாற்றுறுப்பு கடல்கடந்து வருதல் வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வேனிற்காலத்து இடியும் மின்னலும் உயர்ந்த பொறிகளை நிறுத்தும். ஆகவே, ஆங்குப் பொறிகள் நிற்றற்குக் காரணம் பல உள. எல்லாம் நிருவாகத்தாரின் சோம்பல் எனக் கூறுதல் பொருந்தாது.

இனி, 'நிற்றல்' என்பதன் பொருளைச் சற்றே ஆராய்தல் வேண்டும். ரோலர் கோஸ்டரின் வழி பல கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கூற்றில் ஒரு வண்டி இருக்கும்வரை பின்வரும் வண்டி அக்கூற்றினுட் புகுதல் ஆகாது. இம்முறை இருப்புப்பாதையினின்று வந்தது. வண்டி ஓரிடத்தைக் கடந்ததும் அங்குள்ள உணர்பொறி கணிப்பொறிக்கு அறிவிக்கும். குறித்த நொடிக்குள் அறிவிப்பு வாராதாயின், அல்லது இரண்டு உணர்பொறிகள் தம்முள் மாறுபட்டுரைப்பின், கணிப்பொறி ஐயுற்று அனைத்தையும் நிறுத்திவிடும். உண்மையில் வண்டிக்குத் தீங்கொன்றும் நேர்ந்திராது. உணர்பொறியின்மேல் ஓர் இலை வீழ்ந்திருக்கலாம். எனினும் பொறி நிற்கும். 'ஐயம் எழுந்தவழி நில்' என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. புகைவண்டியில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும், பிரேக்குக் குழாய் அறுந்துபோனாலும் அவ்வண்டி நிற்பதும் இக்கொள்கை பற்றியே. ஆற்றல் இருந்தால் ஓடுக, ஆற்றல் அற்றால் நிற்க எனப் பொறியை அமைத்தல் அறிஞர் கண்ட நெறி. புதுப்பொறிகளில் நிலைக்காந்தங்களே வேகத்தைத் தணிக்கின்றன; அவற்றுக்கு மின்சாரமும் வேண்டா, மனிதர் கையும் வேண்டா.

ஆதலின், வழியிடையே வண்டி நின்று, ஏறியிருந்தோர் படிவழியே இறக்கப்பட்டனர் என்னும் செய்தியைக் கேட்டவுடன், 'ஐயகோ, பெருங்கேடு தப்பிற்று' என அலறுதல் அறியாமை. பெரும்பாலும் அங்கே காவல் தன் கடமையைச் செய்தது என்பதே உண்மை. வீட்டுநாய் குரைத்தமைக்காக அதனை அடிப்பார் உண்டோ?

இதுவரை கூறியவற்றைப் பொறிவல்லார் பலரும் கூறுவர். பூங்கா நடத்துவோரும் விரும்பிக் கூறுவர். ஆயினும் இஃது உண்மையின் ஒரு பாதியே. மறுபாதியை மறந்தவழி என்னாகும் என்பதற்குக் கோல்ட் கோஸ்ட் கண்ட துயரமே சான்று.

டிரீம்வேர்ல்டில் தண்டர் ரிவர் ராப்பிட்ஸ் என்றொரு நீர்ப்பொறி 1986 முதல் இயங்கி வந்தது. அது ரோலர் கோஸ்டர் அன்று. உயரமும் வேகமும் உடையதன்று. வட்டத் தெப்பங்களில் அமர்ந்து செயற்கை ஆற்றில் மிதந்து செல்லும் குடும்பக் கேளிக்கை அது. இரண்டு பெரும் பம்புகள் நீர்மட்டத்தைத் தாங்கி நின்றன. சுற்றின் முடிவில் ஒரு கன்வேயர் தெப்பங்களை நீரினின்று மேலே சுமந்து இறங்குதுறைக்குக் கொணரும். 2016 அக்டோபர் 25 அன்று அப்பம்புகளுள் ஒன்று நின்றது, மீண்டும் இயக்கப்பட்டது. மறுபடியும் நின்றது, மறுபடியும் இயக்கப்பட்டது. பிற்பகலில் அது மூன்றாம் முறையும் நின்றது. நீர்மட்டம் விரைவில் தாழ்ந்தது. ஒரு தெப்பம் மிதக்க நீரின்றி இருப்புச் சட்டத்தின்மேல் தங்கிவிட்டது. கன்வேயரோ நிற்கவில்லை, பின்வந்த தெப்பத்தை மக்களோடு சுமந்துவந்து முன்னதன்மீது மோதியது. நால்வர் உயிர் துறந்தனர். உடனிருந்த சிறார் இருவர் உயிர் தப்பினர்.

மரண விசாரணை அதிகாரியின் முடிவுகள் 2020 பிப்ரவரியில் வெளிவந்தன. அவற்றைப் படிப்பார் நெஞ்சம் நடுங்கும். நீர்மட்டம் தாழ்ந்ததைத் தானே உணர்ந்து கன்வேயரை நிறுத்தும் அமைப்பு அப்பொறிக்கு இல்லை. முப்பதாண்டுக் காலம் இயங்கிய அப்பொறியின் இடர்களை முறைப்படி பொறியியல் வகையில் ஆராய்ந்தமைக்குச் சான்று இல்லை. கன்வேயரை விரைந்து நிறுத்தவல்ல பொத்தான் ஒன்று இருந்தும், அதன் பயனை இயக்குநர்க்குத் தெளிவாகப் பயிற்றவில்லை. 2001-இலேயே அதே பொறியில் தெப்பங்கள் மோதிய நிகழ்ச்சி ஒன்று நடந்திருந்தது. அந்த எச்சரிக்கை தக்கவாறு மதிக்கப்படவில்லை. பூங்காவை நடத்திய ஆர்டென்ட் லெஷர் நிறுவனம் குற்றத்தை ஏற்றுக்கொண்டது. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் அதற்கு 36 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

அன்பர்காள், ஈண்டுச் சற்றே நின்று சிந்திப்போமாக. அன்று பம்பு இருமுறை நின்றதே, அந்நிறுத்தம் என்ன? அது காவலன் இட்ட குரல். அக்குரலைக் கேட்டோர் செய்தது யாது? குரலை அடக்கிவிட்டுப் பணியைத் தொடர்ந்தனர். 'மீண்டும் இயக்கு' என்னும் பொத்தானை அழுத்துதல் எளிது. 'ஏன் நின்றாய்' என வினவுதல் அரிது. வரிசையில் மக்கள் காத்திருக்க, வெயில் காய, மேலாளர் கடிகாரத்தை நோக்க, இளம் பணியாளர் எளியதையே செய்வார். குற்றம் அவ்விளையோர் மீது மட்டும் சார்ந்ததன்று. எளியதையே செய்யுமாறு அவரை வைத்த முறையின்மீது சார்ந்தது.

எனவே, நிறுத்தத்தைப் பற்றி நாம் கொள்ளவேண்டிய கருத்து இருபகுதியுடையது. ஒன்று, பொறி நிற்பதை இகழலாகாது. மற்றொன்று, நின்றதன் காரணத்தைக் காணாது மீண்டும் ஓட்டலாகாது. முன்னதை மட்டும் கொண்டால், 'நிற்பதே காவல்' என்று கூறி எத்துணை முறை நின்றாலும் பொருட்படுத்தாத மந்தநிலை வரும். பின்னதை மட்டும் கொண்டால், ஓர் இலை வீழ்ந்ததற்கும் ஊரே அஞ்சியோடும் பேதைமை வரும். இரண்டையும் ஒருங்கே கொள்வதே அறிவு.

உறுப்புகளின் தேய்வும் இவ்வாறே கருதத்தக்கது. மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மிகுந்தால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தினார். அவர் கூறியது பாரத்தின் மிகுதி. ரோலர் கோஸ்டரின் இரும்பிற்கோ முறையின் மிகுதியே பாரமாம். ஒருமுறை வளைந்து மீள்வதால் ஆணிக்குத் தீங்கில்லை. பல இலட்சம் முறை வளைந்து மீண்டால், கண்ணுக்குப் புலனாகாத கீறல் தோன்றி, மயிரிழைபோல் வளர்ந்து, ஒருநாள் அறுந்துவிழும். மூவி வேர்ல்டிலுள்ள கிரீன் லாண்டர்ன் என்னும் பொறியில் 2015 மார்ச்சில் வண்டியின் சக்கரத் தொகுதி பெயர்ந்ததும், ஏறியிருந்தோர் உயரத்தினின்று மீட்கப்பட்டதும் நினைவுகூரத்தக்கன. அப்பொறி திறக்கப்பட்டது 2011-இல். நான்காண்டும் நிரம்பாத புதுப்பொறி. ஆகவே, 'புதியது பழுதுறாது, பழையதே பழுதுறும்' என்னும் எண்ணம் பிழையாம். புதுமை காவலாகாது, கண்காணிப்பே காவல்.

இதற்கு மறுதலையாய் நிற்பது மெல்போர்ன் நகரத்துச் செயின்ட் கில்டாவிலுள்ள லூனா பார்க்கின் சீனிக் ரயில்வே. அது 1912 டிசம்பர் 13 அன்று ஓடத்தொடங்கியது; இடைவிடாது இயங்கிவரும் ரோலர் கோஸ்டர்களுள் உலகிலேயே மிகப் பழையது எனப் போற்றப்படுவது. வண்டி பாதையினின்று மேலெழாதபடி அடியிற் பற்றும் சக்கரம் அதற்கில்லை. அவ்வகைச் சக்கரம் பெருவழக்காயது அதன் பின்னரே. கணிப்பொறியும் காந்தப் பிரேக்கும் அக்காலத்தில் இல்லை. அவற்றுக்கு ஈடாக ஒரு மனிதர் உளர். வண்டியின் நடுவே நின்றுகொண்டு, ஒவ்வோர் இறக்கத்திலும் பிரேக்கு நெம்புகோலைத் தம் கையாற் பற்றி வேகத்தை அடக்கிச் செல்கின்றார் அவர். மரத்தாலாகிய பொறி மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஆதலின் ஆணியை முடுக்குதலும் பலகையை மாற்றுதலும் ஓயாத வேலை. நூற்றாண்டைக் கடந்து அது நிலைபெற்றது எதனால்? அதன் வலிமையாலன்று, அது வலியற்றது என்பதை அதனைப் பேணுவோர் ஒருநாளும் மறவாமையால்.

ஆண்டுகள் பல சென்றும் மறவாமைக்குரிய மற்றொரு துயரம் சிட்னி லூனா பார்க்கிற்கு உண்டு. 1979 ஜூன் 9 இரவு ஆங்கிருந்த கோஸ்ட் டிரெயின் என்னும் கேளிக்கைக் கூடம் தீப்பற்ற, சிறுவர் அறுவரும் பெரியவர் ஒருவரும் மாண்டனர். ஒரு தலைமுறை துயரத்தைக் கண்டு விதி செய்கின்றது. அடுத்த தலைமுறை விதியை மட்டும் கண்டு துயரத்தை மறக்கின்றது. அதற்கடுத்த தலைமுறை விதியையும் பாரமென எண்ணுகின்றது. இவ்வாறே காவல் தேய்கின்றது.

விவிலியத்தைக் கற்பார்க்கு இவ்விடத்தில் மோசேயின் சட்டங்களுள் இரண்டு நினைவிற்கு வரும். புதுவீடு கட்டுவோன் தன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பல் வேண்டும்; எழுப்பாமையால் ஒருவன் வீழ்ந்து மாண்டால் அப்பழி அவ்வீட்டைச் சாரும் என்பது உபாகமத்திற் கூறப்பட்டது. மாடு முட்டி ஒருவனைக் கொன்றால், அம்மாடு முன்னரே முட்டும் வழக்கமுடையது என்று உடையவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்ததா என்பதைக் கொண்டு அவன் குற்றத்தை அளவிடவேண்டும் என்பது யாத்திராகமத்திற் கூறப்பட்டது. முன்னது புதுப்பொறி செய்வார்க்கு உரிய சட்டம்: கைப்பிடிச்சுவர் வீட்டின் ஓர் உறுப்பு, பணம் மிஞ்சினால் பின்னர்க் கட்டிக்கொள்வதன்று. பின்னது பழம்பொறி நடத்துவார்க்கு உரிய சட்டம்: ஒருமுறை முட்டியதை அறிந்தும் கட்டாது விட்டவன் 'அறியேன்' என்று தப்ப இயலாது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் இந்நீதியைத்தான் கோல்ட் கோஸ்ட் விசாரணையும் தன் மொழியிற் கூறியது.

அவ்விபத்தின் பின்னர் குவீன்ஸ்லாந்து அரசு வாளாவிருக்கவில்லை. தொழிலிடத்தில் கவனக்குறைவால் உயிர்ப்பலி நேர்விக்கும் மேலாளர்க்கு 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் 2017-இல் வந்தது. 2019-இல் வந்த விதிகள், பெரும் பூங்காக்கள் உரிமம் பெறவேண்டும் எனவும், தம் பொறிகளின் இடர்களையும் அவற்றைத் தடுக்கும் முறைகளையும் ஆவணமாக்கிக் காட்டவேண்டும் எனவும், பொறிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருஞ்சோதனைக்கு உட்படவேண்டும் எனவும், இயக்குநர் தக்க பயிற்சி பெற்றிருக்கவேண்டும் எனவும் விதித்தன. இவை பாராட்டற்குரியன. ஆயினும் சட்டம் ஆண்டுக்கொருமுறை வந்து பார்க்கும் கண். பொறியோ நாடோறும் ஓடுவது. நாடோறும் பார்க்கும் கண் பூங்காவினுள்ளேயே இருத்தல் வேண்டும்.

ஆகவே, செய்யத்தக்கன எனக்குத் தோன்றுவனவற்றைச் சுருங்கக் கூறுவேன். முதலாவது, சோதனை ஓட்டம் முற்றும் முடிந்தபின்னரே திறப்பு நாளை வெளியிடல் வேண்டும். டிசம்பர் தவறினால் ஏப்பிரலில் திறக்கலாம். தவறிய உயிர் எத்திங்களிலும் மீளாது. இரண்டாவது, ஒருநாளில் அதே பழுது இருமுறை நேர்ந்தால், காரணங்கண்டு பொறியியலார் கையெழுத்திடும்வரை அப்பொறி ஓடலாகாது என்னும் விதி எங்கணும் வேண்டும். அவ்விதி ஏட்டில் உறங்கினாற் போதாது. பொறியின் அருகில் நிற்கும் கடைநிலைப் பணியாளர் நாவிலும் கையிலும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, பொறியை நிறுத்திய பணியாளரை, அவர் நிறுத்தியது தேவையற்றதென்று பின்னர்க் கண்டாலும், கடியலாகாது. ஒருமுறை கடிந்தால், அடுத்தமுறை அவர் கை தயங்கும். அத்தயக்கத்தின் அளவு சில நொடிகளே, உயிர் போதற்கும் அவ்வளவே வேண்டும். நான்காவது, புதுப்பொறி வாங்குங்கால் அதன் விலையோடு மாற்றுறுப்புகளின் விலையையும், பேணுவோர் ஊதியத்தையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். புதுப்பொறியின் படம் செய்தித்தாளில் வரும். முடுக்கிய ஆணியின் படம் வாராது. வாராமையின் அதற்குச் செலவிடும் பணமும் சுருங்கும். ஐந்தாவது, எந்தப் பொறி எந்நாளில் எக்காரணத்தால் அடைபட்டிருக்கும் என்பதனை மறையாது முன்னரே அறிவித்தல் வேண்டும். எதிர்பாராது நின்றால், வந்தோர்க்கு மற்றொரு நாள் வர உரிமைச் சீட்டு அளித்தல் வேண்டும். இது வெறும் உபசாரமன்று. வரிசையில் நிற்போர் சினம் தணியுமாயின், பொறியை விரைந்து ஓட்டுமாறு பணியாளரை நெருக்கும் சுமையும் தணியும். நட்டத்தை வாயிலில் ஏற்றுக்கொள்ளும் பூங்கா, அதனைத் தண்டவாளத்தில் ஏற்கும் நிலையினின்று தப்பும்.

இவற்றை மறுப்பார் இருவகையர். ஒருசாரார், 'பூங்காவிற்கு வரும் வழியில் மோட்டார் வண்டியால் நேரும் சாவுகள் எத்துணை! அவற்றை நோக்கப் பூங்காவில் நேர்வன மிகச் சிலவே. இத்துணைக் கவலை எதற்கு?' என்பர். எண்ணிக்கை அளவில் அவர் கூற்று மெய்யே. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. வண்டியோட்டுபவன் கையில் அவன் உயிரிற் பாதியேனும் உண்டு. ரோலர் கோஸ்டரில் அமர்ந்தவன் தோளின்மேல் தடுப்புச்சட்டம் வீழ்ந்து பூட்டியபின், அவன் உயிரின் ஓர் அணுவும் அவன் கையில் இல்லை. முழுதும் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு முழுதும் பொறுப்பேற்றல் நீதி. மற்றொரு சாரார், 'இத்துணைக் கட்டுப்பாடு விதித்தால் செலவு மிகும். சிறு பூங்காக்கள் மூடப்படும். ஏழைச் சிறார் மகிழ்விழப்பர்' என்பர். இஃது இரக்கமுடைய கூற்று, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின், காவலின்றி மலிவாய் விற்கப்படும் கேளிக்கையை ஏழைச் சிறார்க்கே ஒதுக்குதல் இரக்கமாகாது. 2016-இன் பின்னர் கோல்ட் கோஸ்ட் பூங்காக்களுக்கு வருவோர் தொகை குறைந்ததனையும், நம்பிக்கையை மீட்கப் பல்லாண்டு ஆனதனையும் நோக்கின், காவலின்மையே பெருஞ்செலவு என்பது விளங்கும்.

பூங்காவிற்குச் செல்வோர்க்கும் கடமை உண்டு. அந்நாட்டிற் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் பலரும் விடுமுறைதோறும் அப்பூங்காக்களுக்குச் செல்வர். அவர்க்கும் பிறர்க்கும் கூறுவது இது: சட்டைப்பையிலுள்ளவற்றைக் கீழே வைத்துவிட்டு ஏறுக, உயரத்தினின்று வீழும் சிறு பொருளும் கல்லாம். குழந்தையின் உயரம் அளவுகோலைத் தொடவில்லையெனின் வாதாடற்க. பொறி அடைபட்டிருப்பின் பணியாளரைச் சினந்து பேசற்க, 'காரணம் கண்டீரோ?' என அன்போடு வினவுக. முன்னது அவரைத் தவற்றிற்குத் தள்ளும். பின்னது கடமைக்குத் தூண்டும்.

கற்றோர்க்கும் இப்பொருளிற் கொள்ளத்தக்கது உண்டு. கல்லூரியை விட்டு நீங்கும் நம்மிற் சிலர் பொறிகளைச் செய்வர்; சிலர் கணக்கெழுதுவர்; சிலர் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பணிபுரிவர். யாவர் கையிலும் பிறர் உயிரோ வாழ்வோ ஒருவகையால் ஒப்படைக்கப்படும். அப்பணிகளிலும் பம்பு இருமுறை நிற்கும். கணக்கு இருமுறை பிசகும். நோயாளி இருமுறை முனகுவார். 'மீண்டும் இயக்கு' என்னும் பொத்தான் எங்கும் உண்டு. அதனை அழுத்துமாறு கூறும் மேலோரும் எங்கும் உளர். அவ்வேளையில் 'ஏன் நின்றது?' என வினவ ஒருவர் இருப்பாராயின் அவரே அவ்விடத்திற்குக் கைப்பிடிச்சுவர். அவர் வினாவால் ஒரு மணிநேரம் வீணாகலாம். வரிசையில் நிற்போர் முணுமுணுக்கலாம். அவர்க்குப் பாராட்டு வாராமலும் போகலாம். நேராத விபத்திற்கு யாரும் நன்றி கூறார்.

ஆஸ்திரேலியக் கடற்கரையில் இனியும் பொறிகள் எழும்; முன்னையவற்றினும் உயர்ந்தனவாயும் விரைந்தனவாயும் எழும். எழுக! மக்கள் மகிழ்க! ஆயின் ஒரு பூங்காவின் பெருமையை அதன் பொறி எத்துணை உயர்ந்தது, எத்துணை விரைவுடையது என்பவற்றால் மட்டும் அளத்தல் ஆகாது. நிற்கவேண்டிய இடத்தில் நின்றதா, நின்றதன் காரணத்தைக் கண்டனரா என்பவற்றாலும் அளத்தல் வேண்டும். ஓடக் கற்பித்தல் பொறியியலின் முதற்பாடம். நிற்கக் கற்பித்தல் அதன் முடிந்த பாடம். அப்பாடத்தைக் கற்ற பொறியே நற்பொறி. அதனை மறவாத மாந்தரே அப்பொறிக்கு நற்காவலர்.